பெற்றவளையும் பேணுவோம்

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே அமைந்துள்ள திருநின்றவூர், நூற்றெட்டு திவ்ய தேசங்களுள் ஒன்று. திருமங்கையாழ்வாரால் மங்களாசாசனம் செய்யப்பெற்ற இத்திருத்தலத்தில், பக்தவத்ஸலப் பெருமாளுடன் எழுந்தருளியிருக்கும் தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்பது திருநாமம். வைகுந்தம் விட்டு நீங்கிய திருமகள் இங்கு வந்து நின்றாள் என்றும், அவளை அழைத்துச் செல்ல வந்த சமுத்திரராஜன் ‘என்னைப் பெற்ற தாயே’ என விளித்து வேண்டினான் என்றும் தலபுராணம் கூறும். பாற்கடலில் தோன்றிய திருமகள் அவனுக்கு மகள். மகளையே தாயென்று அழைத்த தந்தையின் கனிவு அத்திருநாமத்தில் உறைந்திருக்கிறது.

மகள் தாயாகும் காலம் இல்லந்தோறும் வருகிறது. வளைகாப்பு வரை வீடே அவளைச் சுற்றி இயங்கும். மகவு பிறந்ததும் கண்களெல்லாம் தொட்டிலின் பக்கம் திரும்பிவிடும். ஆயினும் பெற்றவளுக்கு உரிய ஆபத்து அத்துடன் நீங்குவதில்லை. மிகுதியான இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, கிருமித்தொற்று ஆகியவை பிரசவத்துக்குப் பின்னும் உயிரைப் பறிக்கவல்லவை. முதல் 24 மணி நேரம் மிகுந்த விழிப்புக்குரியது. 42 நாட்கள் வரை கவனிப்புத் தொடர வேண்டும் என்கிறது மருத்துவம்.

திருச்சிராப்பள்ளியில் ஈசன் தாயுமானவர் ஆன வரலாற்றிலும் இக்கருத்தே பொதிந்துள்ளது. காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தாய் நின்றுவிட, ஈசனே அவள் வடிவில் வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தார். பேறு முடிந்தவுடன் அவர் மறைந்துவிடவில்லை; வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வரும்வரை உடனிருந்து பேணினார்.

பிரசவித்தவளை நாற்பது நாட்கள் ஓய்வில் வைத்த நம் முன்னோர் வழக்கம் நன்மையானதே. ஆனால், தீட்டு என்று பின்கட்டு அறையில் அவளைத் தனியே விட்டுவிட்டால், அவள் படும் துன்பம் எவர் கண்ணிலும் படாது போகும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும், கீரை, பருப்பு, பழங்களை விலக்குவதும் அவளை மேலும் சோர்வுறச் செய்யும். சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் தவிர்க்கத்தக்கது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் ஒன்றே போதும். இரும்புச்சத்து மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதங்கள் உட்கொள்ள வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுதும் நனையும் இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றத்துடன் கூடிய கசிவு, கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம் – இவற்றுள் எது தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் 108 ஊர்தியை அழைத்திட வேண்டும். காரணமின்றிக் கண்ணீர் பெருகுவதையும், பிள்ளையிடம் பற்றில்லாமல் இருப்பதையும் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளலாகாது. உலகில் புதிதாய்ப் பிரசவித்தோரில் சுமார் 13 விழுக்காட்டினர் மனநலக் குறைவுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கும் மருத்துவம் உண்டு.

கருவுற்ற நாள் முதலே காப்பு தொடங்க வேண்டும். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்பு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் ஏழைத் தாய்மார்க்கு 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியைத் தமிழக அரசு வழங்குகிறது. சுகாதாரச் செவிலியரிடம் முன்னதாகவே பெயரைப் பதிவு செய்துகொள்ளுதல் நலம்.

எதை உண்ணலாம், எப்போது மருத்துவரிடம் செல்லலாம் என்று பல இல்லங்களில் முடிவு செய்பவர்கள் மூத்தோரே. பேரனோ பேத்தியோ பிறந்த செய்தி கேட்டுத் தாயாரின் சந்நிதியில் அர்ச்சனை செய்யும் பெரியோர், பெற்றவளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்தே சொல்லட்டும். இல்லம் திரும்பியதும் அவள் அருகில் அமர்ந்து, “உடம்பு எப்படி இருக்கிறது அம்மா?” என்று நாள்தோறும் கேட்கட்டும். மகளையும் மருமகளையும் அம்மா என்று அழைக்கும் நம் வழக்கம் அப்போதுதான் பொருள் பெறும். என்னைப் பெற்ற தாயார் அத்தகைய இல்லங்களில் நிலைத்து நின்று அருள்புரிவாள்.