'பவர்' என்னும் ஒரு சொல்

சென்ற திங்களில் தோப்பும்படி வாழ் அன்பர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் நம்மிடம் வந்தார். "ஊரிலுள்ள நிலத்துக்குத் தம்பி பவர் கேட்கிறான், எழுதிக் கொடுக்கலாமா, அண்ணாச்சி?" என்று வினவினார். தீர்வை கட்டவும் குத்தகை வாங்கவும் மட்டுமே அது என்பது அவர் எண்ணம். படித்துப் பார்த்தோம். கிரயம் செய்யவும் அடமானம் வைக்கவும் கூட உரிமை தருவதாக அதில் கண்டிருந்தது!

இச்சொல்லை நாம் எத்தனை பொருளில் ஆள்கிறோம்! விளக்கு அணைந்தால் 'பவர் போயிற்று'. மூக்குக்கண்ணாடி மாற்றினால் 'பவர் கூடிவிட்டது'. நம் ரயில்வேயில் எஞ்சினுக்கே 'பவர்' என்று பெயர்.

தமிழோ இவற்றை வகைப்படுத்தி வைத்திருக்கிறது. உடலுக்கு வலிமை, அம்மனுக்குச் சக்தி, ஆள்வோருக்கு அதிகாரம். அவ்வதிகாரத்துக்கும் வேறு பொருளுண்டு: திருக்குறளின் 133 அதிகாரங்களும் ஆணைகள் அல்ல, நூற்பிரிவுகளே. அறிவியலார் திறன் வேறு, ஆற்றல் வேறு என்பர். ஆயிரம் வாட் என்பது மின்னடுப்பின் திறன். அது ஒரு மணி நேரம் எரிந்தால் செலவாகும் ஆற்றல் ஒரு யூனிட். நாம் கட்டணம் செலுத்துவது யூனிட்டுக்கே. ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட்.

பத்திரத்தில் வரும் 'பவர்' அதிகாரமே. இங்கு ஆதாரம் எழுதுவோர் அதனை 'முக்த்யார்' என்பர். பொது அதிகாரம் பல செயல்களுக்கு வழிவிடும். தனி அதிகாரம் குறித்த செயலோடு நிற்கும். கொடுத்தவர் அதனைத் திரும்பப் பெறலாம். அவர் இறந்தால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அது பொதுவாக அற்றுப்போகும். பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் நிலம் கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆயினும், விற்கும் அதிகாரம் பெற்றவர் கொடுத்தவர் பெயரால் அக்கிரயத்தையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்பதை மறத்தல் ஆகாது.

நம் அன்பர் தீர்வைக்கும் குத்தகைக்கும் மட்டும் தனி அதிகாரம் எழுதி அனுப்பினார். தம்பியும் மனம் கோணவில்லை; எழுதுவோர் கொடுத்த பழைய படிவத்தைத் தானும் படித்துப் பார்க்கவில்லை என்றாராம். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அங்கே எஞ்சியிருப்பது அந்தத் துண்டு நிலமும் உடன்பிறந்தார் உறவுமே. இரண்டையும் காக்க, கையொப்பத்துக்கு முன் ஒருமுறை படிப்போமாக.