சிற்றுருவ விமானமும் வீட்டுப் பொருள்களும்

விமானங்கள், கப்பல்கள், புகையிரதங்கள் ஆகியவற்றின் சிற்றுருவங்களைப் பொருத்தி வர்ணந் தீட்டுதல், கைத்திறனையும் அறிவையும் ஒருங்கே வளர்க்கும் நல்ல பொழுதுபோக்காகும். துண்டுகளை இணைத்து ஒட்டும் வேலை பெரும்பாலான மாணவர்க்கு எளிதிற் கைவந்துவிடுகின்றது. இடர் தோன்றுவது அதன் பின்னரே. இரண்டாவது நிறத்தைத் தீட்டும்போது அது முதல் நிறத்தின்மேற் கசிந்து பரவிவிடுகின்றது. அல்லது ஒட்டிய நாடாவை உரிக்கும்போது முதல் நிறமும் தோலோடு உரிந்து வந்துவிடுகின்றது. பல வாரம் உழைத்துச் செய்த பொருள் ஒரு கணத்திற் பழுதாவதைக் கண்ட பிள்ளை, அதனைப் பெட்டியிலிட்டு மூடிவிட்டு மறுபடி அவ்வழி நாடாதிருத்தலும் உண்டு. “எனக்குக் கை திருந்தவில்லை” என்று அது எண்ணிக்கொள்கின்றது. உண்மையில் திருந்த வேண்டியது கையன்று, மறைப்பே.

வர்ணம் படக்கூடாத இடத்தைத் தற்காலிகமாக மூடி வைப்பதே மறைப்பு எனப்படும். நமது நாட்டுப் பத்திக் துணிகளைக் கண்டவர்க்கு இக்கருத்து புதிதன்று. மெழுகு பூசிய இடத்திற் சாயம் ஏறாது. பின்னர் மெழுகை நீக்கியதும் பழைய நிறம் அங்கே அப்படியே வெளிப்படும். சிற்றுருவங்களுக்கு வர்ணந் தீட்டுவோர் கையாளும் முறையும் இதுவே.

இதற்கெனத் தனியாகச் செய்யப்பட்ட நாடாக்களும் திரவங்களும் யப்பான், பிரித்தானியா முதலிய நாடுகளிலிருந்து வருகின்றன. அவை சிறந்தவையே. ஆயினும் ஒரு சிறு சுருள் நாடாவின் விலை, கொப்பியும் பேனாவும் வாங்கும் பணத்திலிருந்து எடுக்கவேண்டிய தொகையாய் அமையும் குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் மனந்தளர வேண்டியதில்லை. எழுதுமேசையிலும் சமையலறையிலும் கிடக்கும் பொருள்கள் பல அதே பணியைச் செய்ய வல்லன. எப்பொருள் எத்தன்மையது, எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதை அறிந்துகொள்வதே வேண்டுவது.

நாடா பிறந்த கதை

மறைப்பு நாடாவே இத்தகைய ஓர் இடரிலிருந்து பிறந்ததாகும். 1920ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் இரு நிறம் பூசிய மோட்டார் வண்டிகள் நாகரிகமாயின. தொழிலாளர் ஒரு நிறத்தைப் பூசிய பின்னர், அதன்மேற் கடதாசியை ஒட்டி மறைத்து மற்ற நிறத்தை விசிறுவர். கடதாசியை உரிக்கும்போது கீழிருந்த வர்ணமும் கூடவே உரிந்துவிடும். மினசோட்டா மாநிலத்தில் மணற்கடதாசி செய்துவந்த ஒரு கம்பனியிற் பணிபுரிந்த றிச்சர்ட் ட்ரூ என்பார் இதனைக் கண்டு, நன்றாகப் பற்றவும் தீங்கின்றி நீங்கவும் கூடிய நாடாவொன்றை 1925ஆம் ஆண்டில் உருவாக்கினார். இன்று “த்ரீ எம்” எனப்படுவது அக்கம்பனியே. 1930இல், கண்ணாடிபோல் ஊடுதெரியும் ஒட்டுநாடாவை ஆக்கியவரும் அவரே. நம் வீட்டு இழுப்பறையிற் கிடக்கும் இரு நாடாக்களும் ஒருவர் மூளையிற் பிறந்த உடன்பிறப்புகள் என்க.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்தின் பொருட்டு ஹரிக்கேன் எனும் பிரித்தானியப் போர்விமானத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கோர் இடமுண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து எதிர்த்தவற்றுட் பெரும்பாலானவை ஹரிக்கேன் விமானங்களே.

இதன் இறக்கை முனையிலிருந்து முனைவரை 40 அடி. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் அளவுத்திட்டம் 72இல் ஒரு பங்கு. அதாவது 6 அடிக்கு ஓர் அங்குலம். ஆகவே சிற்றுருவத்தின் இறக்கை ஏறத்தாழ 6⅔ அங்குலமாகும். இக்கணக்கின்படி, வர்ணம் ஒரு மில்லிமீற்றர் கசிந்தால் உண்மை விமானத்தில் அது 7 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கறையாகும். சிற்றுருவத்தின் ஓரங்கள் கூர்மையாய் இருக்கவேண்டியதன் காரணம் இப்போது விளங்கும்.

மூன்று சோதனைகள்

எப்பொருளை மறைப்பாகக் கொள்வதாயினும் மூன்று வினாக்களை எழுப்புக. அதன் ஓரம் இடைவெளியின்றிப் படிகின்றதா? நீக்கும்போது கீழுள்ள வர்ணத்தைப் பறிக்காது வருகின்றதா? வந்தபின் பிசுக்கோ கறையோ எஞ்சாதிருக்கின்றதா? தாமரை இலையில் தண்ணீர் போல, ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதே நல்ல மறைப்பின் இலக்கணம். துண்டுகளைத் தாங்கிவரும் பிளாஸ்ரிக் சட்டத்தை எறிந்துவிடாது வைத்திருந்து, முதலில் அதிற் பூசி, மறைத்து, உரித்துப் பார்த்தல் வேண்டும். அங்கே நேரும் கேட்டினால் நட்டமில்லை.

மறைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. பிளாஸ்ரிக்கைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துக. விரல் எண்ணெய் படிந்த இடத்தில் வர்ணம் உறுதியாகப் பற்றாது. அடுத்து, முதல் நிறம் உள்ளேயும் இறுகும்வரை பொறுத்திருக்க. எனாமல் தொடுவதற்கு உலர்ந்ததுபோலத் தோன்றினும் உள்ளே இறுகப் பல நாள் செல்லும்; மாரிகாலத்தில் இன்னும் தாமதமாகும். மூக்கருகே கொண்டுசென்றால் தின்னர் மணம் வீசுகின்றதெனில் அது இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது பொருள்.

எழுதுமேசைப் பொருள்கள்

ஊடுதெரியும் ஒட்டுநாடா எல்லா வீட்டிலும் உண்டு. இதன் பசை வலியது. அப்படியே ஒட்டினால் வர்ணத்தைப் பறிக்கும். ஆதலின் சுத்தமான பருத்தித் துணியில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்து, அதன் வலிமையைக் குறைத்துக்கொள்க. ஊடுதெரிவதால் இது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கவிப்புக்கு மிகவும் ஏற்றது. ஹரிக்கேனின் கவிப்பிற் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் பல. நாடாவைக் கவிப்பின்மேல் ஒட்டி, பற்குச்சியாற் சட்டத்தின் ஓரமெங்கும் அழுத்தினால் கோடு நன்கு தெரியும். புதிய அலகினால் அக்கோட்டைப் பின்பற்றி மெல்ல அறுத்து, சட்டத்தின் மேலுள்ள பகுதியை மட்டும் எடுத்துவிடுக. அழுத்தி அறுத்தால் கண்ணாடியிற் கீறல் விழும்.

வன்பொருட் கடைகளில் விற்கும் சாதாரண மறைப்பு நாடா, சுவர்க்கும் கதவுக்கும் ஆனது. அதன் மேற்பரப்புச் சுருக்கமுடையது. சுருக்கங்களின் ஊடாக வர்ணம் கசியும். சுருளின் ஓரத்திலே தூசியும் படிந்திருக்கும். அதனைக் கண்ணாடித் தட்டொன்றில் ஒட்டி, அடிமட்டம் வைத்துப் புதிய அலகால் வெட்டிப் புது ஓரம் பெறுக. ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அகலமுள்ள கீற்றுகள் வளைவுகளில் இணங்கி வளையும். அவற்றால் எல்லைக்கோட்டை அமைத்து, எஞ்சிய பரப்பைக் கொப்பிக் கடதாசியால் மூடினாற் போதும். செய்தித்தாளைக் கொண்டு மூடுவோர் ஒன்றைக் கவனிக்க: தின்னர் பட்டால் அச்சுமை கரைந்து வர்ணத்தில் ஒட்டலாம். இப்பத்திரிகையைப் படித்து முடித்தபின் மேசைமேல் விரிப்பாகப் பயன்படுத்துதல் நலம்.

சிறுவர் வனையும் பிளாஸ்ரிசின் களியும், சுவரிற் படம் ஒட்டும் புளூ ராக்கும் வேறொரு பணிக்கு உரியவை. ஹரிக்கேனின் மேற்புறத்தில் மண்ணிறமும் கரும்பச்சையும் வளைந்து நெளிந்து சந்திக்கும். களியை இடியப்ப இழையிலும் சற்றுத் தடித்த கயிறாக உருட்டி, அவ்வெல்லையின்மேல் வளைத்து வைத்து, நேர்மேலிருந்து வர்ணத்தை விசிறினால் ஓரம் சிறிதே மென்மையாய் அமையும். பிளாஸ்ரிசினில் எண்ணெய் உள்ளமையால் அதனை நெடுநேரம் விட்டுவைத்தல் ஆகாது.

பாடசாலை வெள்ளைப் பசை சிறு வட்டங்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் மறைக்க உதவும். மழமழப்பான பரப்பில் இதனைச் சற்றுத் தடிப்பாக இட்டு உலரவிட்டால், பின்னர் பற்குச்சியால் தோல்போல் உரித்தெடுக்கலாம். சொரசொரப்பான பரப்பில் அது பற்றிக்கொள்ளும். நீரிற் கரையும் வர்ணத்தின் கீழ் இது இளகுதலும் கூடும். எனாமலின் கீழேயே நம்பத்தக்கது.

சமையலறையும் தோட்டமும்

உணவு சுற்றும் அலுமினியத் தாள், மேடுபள்ளமான இடங்களை மூட வல்லது. விரலால் அழுத்தினால் எவ்வடிவத்தையும் ஏற்று நிற்கும், பசை வேண்டுவதில்லை. சில்லுகள், பீரங்கிக் குழாய்கள் ஆகியவற்றைச் சுற்றி வைக்க இதனிலும் எளிய பொருள் கிடையாது.

சமையல் உப்பு தரும் பயன் வியப்பூட்டுவது. வர்ணம் உதிர்ந்து உலோகம் தெரியும் தோற்றத்தைக் காட்ட, முதலில் வெள்ளி நிறம் பூசி இறுகவிடுக. உதிர்வு வேண்டிய இடத்தை நீரால் நனைத்து உப்புத் தூவி உலர்த்துக. அதன்மேல் மேல்நிறத்தை மெல்லென விசிறி, உலர்ந்தபின் உப்பைத் தேய்த்து நீக்கினால் வெள்ளிப் புள்ளிகள் தோன்றும். தூரிகையால் பூசுவோர்க்கு இம்முறை பொருந்தாது. உப்பு இடம் பெயர்ந்துவிடும். இங்கே வரலாற்றறிவும் வேண்டும். ஹரிக்கேனின் உடலின் பிற்பகுதி உலோகத்தகட்டால் ஆனதன்று. சட்டத்தின்மேற் துணி போர்த்தப்பட்டது. துணியில் வெள்ளி தோன்றாதன்றோ! எனவே உப்பு முற்பகுதிக்கே உரியது.

றப்பர்ப் பாலும் நல்ல மறைப்பாகும். 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடவில் றப்பர் நாற்றுகள் நடப்பட்ட காலந்தொட்டு நாம் அறிந்த பொருள் இது. கடைகளில் அதிக விலைக்கு விற்கும் மறைப்புத் திரவங்கள் பலவற்றின் அடிப்படையும் றப்பர்ப் பாலே. அமோனியா கலந்து கெடாது வைத்த பாலைப் பூசி உலரவிட்டால் மென்றோலாகும். ஒரு முனையைக் கிள்ளி இழுத்தால் முழுவதும் வந்துவிடும். தூரிகையை முதலிற் சவர்க்காரத்தில் தோய்த்துக்கொள்ளாவிடின் மயிர்கள் ஒட்டிப் பயனற்றுப் போகும். றப்பர்ப் பால் சிலரது தோலுக்கு ஒவ்வாது. அத்தகையோர் இதனைத் தவிர்க்க.

கசிவைத் தடுக்கும் உபாயம்

இரு பரப்புகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியில் திரவம் தானாகவே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் நாடாவின் கீழ் வர்ணம் புகுவதும் ஒரே விதியால் நிகழ்வன. இதனைத் தடுக்க ஓர் அழகிய உபாயம் உண்டு. நாடாவை ஒட்டியபின், புதிய நிறத்தைப் பூசுமுன், கீழுள்ள அதே பழைய நிறத்தை ஓரமெங்கும் மெல்லிதாகப் பூசி உலர்த்துக. கசிவதற்கு இடமிருப்பின் அந்நிறமே கசிந்து அவ்விடத்தை அடைத்துவிடும்; ஒரே நிறமாதலின் கண்ணுக்குத் தெரியாது. பின்னர் வருகின்ற நிறம் புகுவதற்கு வழியிராது.

இளநிறத்தை முதலிலும் கடுநிறத்தைப் பின்னரும் பூசுக. ஒரே தடிப்பான பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சுகள் சிறந்தவை. தூரிகை நாடாவிலிருந்து வெளிநோக்கிச் செல்லவேண்டும். வெளியிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளுதல் கூடாது.

நாடாவை உரித்தல் இறுதிக் கட்டம். அவசரத்தாற் பழுதாவது பெரும்பாலும் இங்கேதான். மேற்பூச்சு தொடத்தக்கவாறு உலர்ந்ததும், நாள் கடத்தாது உரிக்க. மேல்நோக்கி இழுக்காமல், நாடாவை அதன்மேலேயே பின்புறமாக மடித்து மெல்ல இழுக்க வேண்டும். ஓரம் எழும்புவதுபோலத் தெரிந்தால் நிறுத்தி, அலகின் முனையால் எல்லைக்கோட்டில் இலேசாகக் கீறிவிட்டுத் தொடர்க. எங்கேனும் சிறிது கசிந்திருப்பின் அது பேரிழப்பன்று. கூர்மையாக்கிய பற்குச்சியாற் சுரண்டியோ, நுண்தூரிகையால் தொட்டோ திருத்திவிடலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். தின்னரும் எனாமலும் எளிதில் தீப்பற்றுவன. அடுப்புக்கும் சுவாமி விளக்குக்கும் தொலைவில், சன்னல் திறந்த இடத்தில் இவ்வேலை நடைபெறல் வேண்டும். அலகினால் வெட்டும் வேலையைச் சிறுவர்க்கு மூத்தோர் செய்துகொடுத்தல் நன்று. வீட்டில் பாதியிற் கைவிடப்பட்ட சிற்றுருவம் ஏதேனும் பெட்டிக்குள் உறங்குமாயின், இவ்விடுமுறையில் அதனை வெளியே எடுத்துக் கொடுங்கள். உரிந்த இடத்தை நுண்ணிய மணற்கடதாசியால் ஈரமாகத் தேய்த்துச் சமப்படுத்தி, மீண்டும் முதல் நிறத்திலிருந்து தொடங்கலாம். தேவையான பிற பொருள்கள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன.