ஊராராய்ச்சியும் விவரந் திரட்டும் முறைகளும்

ஆராய்ச்சி மேற்கொள்ளும் மாணவருட் பலர் முதற்கண் செய்வது வினாத்தாள் ஒன்றை ஆயத்தஞ் செய்வதேயாம். எதை அறிய விரும்புகின்றோம் என்பது தெளிவாகுமுன், எவ்வாறு அறிவது என்று துணிந்துவிடுதல், நோயை நாடாது மருந்து அரைத்தலை ஒக்கும்.

விவரந் திரட்டுதலின் அருமையை உணர நாம் நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகிய கில்பர்ட் ஸ்லேட்டர், வினாநிரல் ஒன்றைத் தம் மாணவர்க்கு அளித்து, கிராமங்களை ஆராயத் தூண்டினார். அவ்வாறு 1916-இல் ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அவ்வாராய்ச்சிகள் 1918-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. 1936–37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் முன்னின்று நடத்திய மறு ஆய்வு அவ்வூர்களை மீண்டும் நாடிற்று. பின்னரும் அறிஞர் பலர் இருவேல்பட்டிற்குச் சென்றனர். 2008 வரையுள்ள மாறுதல்கள் ஆராயப்பட்டன. மாணவர் தொடங்கிய பணி தொண்ணூறு ஆண்டுகட்குப் பின்னும் பயன்பட்டதென்றால், நாம் எழுதும் ஒவ்வோர் இலக்கத்திற்கும் பொறுப்புடையோம் என்பது வெளிப்படை.

இனி, முறைகளைத் தெரிந்தெடுக்கும் வகையைக் கண்டமங்கலத்தை வைத்தே காண்போம். இவ்வட்டாரத்தில் நெல் எத்தனை ஏக்கர், கரும்பு எத்தனை, சவுக்கு எத்தனை என்பது வினாவாயின், வீடு வீடாய்ச் செல்வது வீண். கிராம நிர்வாக அலுவலர் வைத்துள்ள அடங்கலை உரிய இசைவுடன் பார்த்தல் தகும். ஆயின், ஓர் உழவர் நெல்லை விட்டுச் சவுக்கு நட்டது ஏன் என்பதை அடங்கல் உரையாது. அதற்கு அவருடன் அமர்ந்து பேசுதலே வழி. புதுச்சேரிக்கு நாடோறும் எத்தனை பேர் செல்கின்றனர் என்பதற்குக் காலையிற் பேருந்து நிறுத்தத்தில் நின்று எண்ணலாம். அவர் கூலிக்குச் செல்வோரா, கல்விக்குச் செல்வோரா என்பதை எண்ணிக்கை காட்டாது. அதற்குக் குறுகிய வினாநிரல் வேண்டும். ஒரு முறையின் குறையை மற்றொன்று நிரப்பும்; ஆதலின் இரண்டினை இணைத்தல் நன்று.

வினவுங்கால் கருத வேண்டுவன சில. "சென்ற ஆண்டு எவ்வளவு செலவாயிற்று?" என்றால் விடை ஊகமாகவே வரும், சென்ற வாரச் செலவைக் கேட்டால் நினைவிலிருந்து வரும். கோடை விடுமுறையில் மட்டும் ஊருக்குச் செல்பவர் நடவுக் காலத்து உழைப்பைக் காணார். வினாக்களை முதலில் ஐந்தாறு வீடுகளிற் கேட்டுப் பார்த்தால், விளங்காத சொற்கள் தாமே வெளிப்படும்.

யாவற்றினும் பெரிதாவது, யாரைக் கேட்கின்றோம் என்பது. ஊருக்குட் புகுவோரின் கால்கள் இயல்பாகவே பெரிய வீட்டுத் திண்ணையை நாடும். அங்கேயே அமர்ந்து எழுதினால், எழுதப்படுவது அத்திண்ணையினின்று தோன்றும் ஊரேயன்றி முழு ஊர் அன்று. நிலமற்றோர் குடியிருப்பிற்கும் சென்று, களையெடுக்கும் பெண்ணின் கூலியை அவரிடமே கேட்டறிதல் வேண்டும். அவர் கணவரையோ நிலமுடையாரையோ கேட்டெழுதிய கூலி, அவர் கையிற் பெற்ற கூலியாகாமற் போகலாம். வீடுகளின் பட்டியலினின்று குலுக்கலாற் சிலவற்றைத் தெரிந்தெடுத்தல், நம் விருப்பு வெறுப்புக்களைத் தடுக்கும் எளிய வேலியாம். விடை கூற விரும்பாதாரை வற்புறுத்தலும், கூறினார் பெயரை வெளியிடுதலும் தகா.

இறுதியாக, எந்நாளில், எவரிடம், எவ்வினாவைக் கேட்டோம் என்பதை அறிக்கையிற் குறித்து வைத்தல் நம் கடனாகும். நமக்குப் பின் அவ்வூருக்குச் செல்லும் மாணவர், நம் இலக்கங்களோடு தம் இலக்கங்களை ஒப்பிட அதுவே துணை. அக்குறிப்பின்றேல், மாறியது ஊரா, கேட்ட முறையா என்பதை அவர் அறிதல் அரிதாம்.