வண்டி வருகிறது, இடம் வருவதில்லை!

விழுப்புரம் சந்திப்பிலிருந்து எத்தனை திசைக்குத் தண்டவாளம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சென்னைக்கு ஒன்று. விருத்தாசலம் வழியே திருச்சிக்கு ஒன்று. கடலூர், மயிலாடுதுறைப் பக்கம் ஒன்று. திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு ஒன்று. புதுச்சேரிக்கு ஒன்று. ஐந்து திசை! இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு எழும்பூர் வரை உட்கார்ந்து போக இடமில்லை என்றால் வெளியூரார் நம்புவார்களா?

இடம் ஏன் கிடைப்பதில்லை? வண்டி குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் இடத்தைப் பங்கிடுகிற முறையில் இருக்கிறது.

முன்பதிவில் கோட்டா என்று ஒன்று உண்டு. மதுரையில் புறப்பட்டு எழும்பூரில் முடிகிற வண்டியில் பெரும்பங்கு இடம் நெடுந்தூரம் போகிறவர்களின் பொதுக் கோட்டாவுக்கு. நடுவழியில் ஏறி இறங்குகிறவர்களுக்கு 'பூல்டு கோட்டா' என்ற சிறு பங்கு. பல ஊர்க்காரர்களும் அந்த ஒரே பந்தியில்தான் உட்கார வேண்டும். காத்திருப்போர் பட்டியலிலும் பொதுக் கோட்டாக்காரர் முன்னேறுவார். நம்மவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

இதில் நியாயமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. நெல்லையிலிருந்து இரவெல்லாம் வருகிற தாய்க்குப் படுக்கை வேண்டாமா? வேண்டும். ஆனால் சுமார் 160 கிலோமீட்டர் போகிற விழுப்புரத்தானுக்கும், 120 கிலோமீட்டர் போகிற திண்டிவனத்தானுக்கும் என்ன ஏற்பாடு?

ஒரு கொத்தனாரை நினைத்துக் கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேஸ்திரி சொல்லி அனுப்புகிறார்: "நாளைக் காலையில் சென்னையில் வேலை, வந்துவிடு." முன்பதிவோ 60 நாளுக்கு முன்பே திறந்துவிட்டது (2024 அக்டோபர் வரை 120 நாள்!). சரி, தத்கால்? குளிர்பதனம் இல்லாத வகுப்புக்கு அது முதல் நாள் காலை 11 மணிக்குத் திறக்கிறது. 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தத்கால் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கும் வேண்டும். கள்ள முகவர்களை ஒடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு என்கிறார்கள், வரவேற்கிறோம். ஆனால் இரவு எட்டு மணிக்கு வேலை கிடைத்தவனுக்குக் காலை 11 மணி திரும்பி வருமா?

அவனுக்கு மிஞ்சுவது பதிவில்லாப் பெட்டி. விழுப்புரத்துக்கு வரும்போதே அது பிதுங்கி வழிகிறது. கழிப்பறை வாசலில் ஒற்றைக்காலில் நிற்கலாம். தப்பித்தவறிப் பதிவுப் பெட்டியில் கால் வைத்தால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் தண்டம். பிறகு அன்றைய கூலியில் வீட்டுக்கு என்ன போகும்?

மூன்றாம் வகுப்பு 1974-இல் ஒழிந்தது என்பார்கள். பலகை ஒழிந்தது, மெய்தான்!

2024-இல் இரயில்வே இலாகா, 370 வண்டிகளில் 1000 பொதுப் பெட்டிகள் சேர்ப்பதாக அறிவித்தது. நம் பாதையின் வண்டிகளுக்கு அதில் எத்தனை வந்தன? வண்டிவாரியாகக் கணக்கு வெளியிடட்டும், பார்ப்போம். 2023 செப்டம்பரில் நெல்லைக்கும், 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் விட்டார்கள். விழுப்புரத்தில் நிற்கிறது, மகிழ்ச்சி. ஆனால் பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. திண்டிவனத்தார் அது போகிற வேகத்தைப் பார்த்துக் கொள்ளலாம். செஞ்சிக்காரர் பாடு அதைவிட மோசம். திண்டிவனம்-திருவண்ணாமலைப் பாதைக்கு அனுமதி கிடைத்து ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகியும், இரயிலேற அவர் பேருந்து பிடித்துத் திண்டிவனம் வரவேண்டியிருக்கிறது.

நாம் கேட்பது அரண்மனை அல்ல. விழுப்புரத்திலேயே புறப்பட்டு எழும்பூரிலேயே முடிகிற பகல் வண்டி, காலையில் ஒன்று, மாலையில் திரும்ப ஒன்று. பெட்டிகளில் பெரும்பாலானவை பதிவில்லாதவை. தாம்பரம்-விழுப்புரம் மெமுவைக் கடற்கரை வரை நீட்டுவது. பயணிகள் பட்டியல் தயாரான பின் காலியாக இருக்கிற இடத்தைப் பயணச்சீட்டுச் சன்னலில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போடுவது.

கிளைத் தோழர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். ஏழு நாள், காலை வண்டிகள் வரும் நேரத்தில் நடைமேடையில் நின்று, ஏறியவர் எத்தனை, ஏற முடியாமல் நின்றவர் எத்தனை என்று தாளில் குறியுங்கள். அந்தத் தாளோடு மனு போகட்டும். மனுவை இரண்டு படியாக எழுதுங்கள்: விழுப்புரம் திருச்சிக் கோட்டத்தில் இருக்கிறது, திண்டிவனம் சென்னைக் கோட்டத்தில். ஒருவர் மற்றவரைக் கைகாட்டக் கூடாதல்லவா?