போகப் பத்து மணி, வரப் பன்னிரண்டு

பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்றும் கொஞ்சம் தையல் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையை டோக்கியோவில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்து இழுங்கள். ஒரு சாண் நூல் போதும். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. நூல் நேர் கிழக்கே ஓடும் என்றுதான் நினைப்போம். அதுவோ நழுவி வடக்கே ஏறி, அலூஷியன் தீவுகளுக்குப் பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறது.

இதுதான் பெருவட்டப் பாதை. அதாவது, பூமியை இரண்டு ஊர்களின் வழியாகச் சரிபாதியாக வெட்டினால் கத்தி பதியும் கோடு. ஆரஞ்சைக் காம்புப் பக்கம் சுற்றிவர, இடுப்பைச் சுற்றுவதைவிடக் குறைந்த நூல்தானே பிடிக்கும்! இந்த வழியில் சுமார் 8,800 கி.மீ. அட்சரேகையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் 9,200 கி.மீ.க்கு மேல். மிச்சமாவது கிட்டத்தட்ட சென்னை–மதுரை தூரம்.

தூரம் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் விமானத்தில் டோக்கியோவிலிருந்து போகச் சுமார் 10 மணி நேரம், திரும்பப் பன்னிரண்டுக்குப் பக்கம். பூமி சுழல்வதால்தான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை, பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும்தான் சுழல்கிறது. காரணம், பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்றாறு: ஜெட் ஸ்ட்ரீம்.

அதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் வசாபுரோ ஓயிஷி. டோக்கியோவுக்கு வடகிழக்கே டடேனோ ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கி பொருத்திய கோணமானியால் அவற்றைத் துரத்தினார். 1924 டிசம்பரில், சுமார் 9 கி.மீ. உயரத்தில் காற்று மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஓடியது. உலகமே படிக்கட்டும் என்று 1926இல் எஸ்பராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் அறிக்கை வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை! 1944இல் டோக்கியோவைக் குண்டுவீசித் தாக்க வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் தடுமாறின.

விமானம் மணிக்கு 900 கி.மீ. ஓடுவது தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள். அந்தக் காற்றே 100 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் தரைக்கணக்கில் 1,000. எதிர்த்து வந்தால் 800. போக வர இரண்டும் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 8,800 கி.மீ.க்குப் போட்டுப் பாருங்கள்: காற்றே இல்லாவிட்டால் போய்வரச் செலவாவதைவிடக் கால் மணி நேரம் கூடவே ஆகும். எதிர்காற்றில்தான் அதிக நேரம் கிடக்கிறோம், அதனால் இழப்பும் அதிகம். ஆகவே திட்டமிடுவோர் அன்றாடம் காற்று வரைபடம் பார்த்து, கிழக்கே போகையில் ஆற்றின் நடுவே ஏறிக்கொள்கிறார்கள். திரும்புகையில் கரையோரமாக ஒதுங்குகிறார்கள். நூல் காட்டிய வழியைவிடச் சில நூறு கி.மீ. கூடுதலாகச் சுற்றினாலும் சீக்கிரம் போய்ச் சேரலாம்.

குளிர்காலத்தில் டோக்கியோவில் வியாழன் மாலை 5 மணிக்கு ஏறுகிறவர், இரண்டு வேளை சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வழியில் தேதிக்கோட்டைத் தாண்டிவிடுவதால், லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குவது அதே வியாழன் காலை 10 மணிக்கு.