கத்திரி நாளில் நூலகம்

சித்திரை பிறந்து, மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவு வரையில் கக்கிக்கொண்டிருக்கும் நாட்களில், பரீட்சை முடிந்து புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்ட திண்டுக்கல் பிள்ளைகளுக்கு வீட்டிலே கிடைக்கும் ஒரே புத்திமதி, வெயிலில் அலையாதே என்பதுதான். அலையாமல் எங்கே போவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நகரத்து மாவட்ட மைய நூலகமும், கிளை நூலகங்களும், ஊர்ப்புற நூலகங்களும் அதற்கு விடையாக இருக்கக்கூடும்.

கோடை முகாம் என்றவுடன் வரிசையாய் நாற்காலி, ஒலிபெருக்கி, ஒரு பிரசங்கம், முடிவில் சான்றிதழ் என்று ஏற்பாடு செய்துவிடுகிறோம். பாலர்களுக்கு அது ஒருவாறு பொருந்தலாம். பதினைந்து வயதினரோ சபையில் உட்கார்ந்து கேட்பதைப் பள்ளியிலேயே போதுமான அளவு செய்து சலித்தவர்கள். அவர்களிடம் ஒரு காரியத்தை நம்பி ஒப்படைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகே தொடங்கிய காந்திகிராமத்தில், கைவேலையையும் கிராம சேவையையும் கல்வியின் பகுதியாகவே வைத்தார்கள்; மாணவர் சாந்தி சேனை அங்கேதான் வளர்ந்தது.

நூலகத்தில் அப்படி என்ன வேலை இருக்கிறது? வாசகருடைய காலத்தை வீணாக்கக் கூடாது என்பதைச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட தமது ஐந்து விதிகளில் ஒன்றாகவே வைத்தார். தட்டு மாறிக் கிடக்கும் புத்தகத்தைத் தேடித் தேடி வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு அதன் அருமை தெரியும். புத்தகங்களைத் தட்டியெடுத்து எண் வரிசைப்படி அடுக்குவது முதல் வேலை. முதுகு பிரிந்தவற்றைத் தைத்து ஒட்டுவது அடுத்தது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கத்தைப் பழைய பைண்டர் ஒருவர் அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடுவார். மயில்துத்தம் விஷமாகையால் கலக்கும் பொறுப்பைப் பெரியவரே வைத்துக்கொள்ளட்டும். சிறு குழந்தைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து வாய்விட்டுக் கதை வாசிப்பது இன்னொன்று. இதற்கு இருவர் இருவராக நியமிப்பது உசிதம், ஏனெனில் ஒருவன் நிச்சயமாகத் தாத்தா வீட்டுக்குப் போய்விடுவான்.

ஊர்ப்புற நூலகத்தில் நூலகர் ஒருவரே எல்லாமாக இருப்பதால், திடீரென்று இருபது இளைஞர்கள் வந்து நின்றால் அது உதவியாகாது, உபத்திரவமாகும். ஆகையால் வாசகர் வட்டத்தினர் பங்குனியிலேயே அவரோடு உட்கார்ந்து யார், எந்த நாள், எந்த அலமாரி என்று எழுதிவிட வேண்டும். மே 4 வாக்கில் கத்திரி பிறக்கிறது. நகரத்தில் காலை எட்டு முதல் பதினொன்று வரையில் வேலையை முடித்துவிடலாம். நிலக்கோட்டைப் பக்கத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது. அங்கே மல்லிகை கொட்டும் பருவம் அதுவே; விடியுமுன் பூப்பறிக்கப் போன பெண் பிள்ளை சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டு வருவது பிற்பகலில்தான். அவளுக்கு நான்கு மணிக்குமேல் நேரம் வைத்து, இருட்டுமுன் வீடு சேர வழி செய்யாத திட்டம், ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமான திட்டமாகவே முடியும்.

எத்தனை புத்தகம் படித்தாய் என்று கணக்கிட்டுப் பரிசு கொடுப்பதை நான் விரும்புவதில்லை. பக்கம் குறைந்த புத்தகமாகப் பார்த்து எடுக்கும் சாமர்த்தியத்தையே அது வளர்க்கிறது. அதைவிட ஊரைப் பற்றி ஒரு கையெழுத்துப் புத்தகம் தயாரிக்கச் சொல்லலாம். திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. மாங்காய்ப் பூட்டைக் கையாலேயே செய்தவர்களிடம் போய்க் கேட்டு எழுதினால், வேறெந்த நூலகத்திலும் இல்லாத புத்தகம் ஒன்று இங்கே இருக்கும். (பூட்டையும் சாவியையும் வைத்து அறிவுக்கு உவமை சொல்லும் ஆசையை இந்த ஊர்ப் பேச்சாளர்கள் சற்றே அடக்கிக்கொள்ளலாம்.)

வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை. அன்று வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறலாம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் பிறந்த ஊர் அது; 1893-ல் அந்த நாவல் பத்திரிகையில் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. 'மணிக்கொடி' பத்திரிகையின் பி. எஸ். ராமையாவும் அவ்வூர்க்காரரே. அங்கே வளர்ந்த சி. சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைத்தெருவில் நின்று இதைக் கேட்கிற பையன், திங்கட்கிழமை செல்லப்பாவைத் தட்டில் தேடுவான். அப்போது தட்டில் அவர் இருக்க வேண்டும், ஆகவே முந்தின வாரமே எடுத்து வைப்பது நூலகரின் பொறுப்பு.

2022-ல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டம், நூலகத்துக்கு வர இயலாத முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தன்னார்வலர் வழியாக வீட்டுக்கே புத்தகத்தை அனுப்புகிறது. 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் போன நூலகத்தின் வேலையை இப்போது இந்தப் பிள்ளைகளின் சைக்கிள் செய்யலாம். ஜூனில் பள்ளி திறந்த பின்னும் வாரம் ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், நடக்க முடியாத பூட்டுத் தொழிலாளி ஒருவருக்குப் புத்தகம் கொண்டுபோகிற பெண், கையெழுத்துப் புத்தகத்தில் விட்டுப்போன ஓர் அத்தியாயத்தை அவரிடமே கேட்டு எழுதி வருவாள்.