கடனுக்குப் பிறகு யார் வருவார்?

திண்டுக்கல்லில் ஒரு பெண் வீட்டில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 250 ரூபாய். மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 170 ரூபாய் ஆகிறது. மீதி 80 ரூபாய் லாபம் என்பது அவருடைய கணக்கு. ஆனால் கடைக்காரர் 20 சதவீதம் கமிஷன் எடுக்கிறார். அதில் 50 ரூபாய் போய்விடுகிறது. கவருக்கும் லேபிளுக்கும் 8, ஆட்டோவுக்கு 6, நொறுங்கித் திரும்பி வருவதில் 5. கையில் நிற்பது 11 ரூபாய். நாளைக்குப் பத்து கிலோ சுட்டால் 110 ரூபாய். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுப்படியில் நின்றதற்கு அதுதான் கூலி.

இந்த நிலையில் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன் கிடைக்கிறது. பெரிய வாணலி வாங்கி இருபது கிலோ சுடுகிறார். தினமும் கூடுதலாக 110 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் 2,860 ரூபாய். ஒரு லட்சத்தை மூன்று வருடத்தில் அடைக்க, வட்டியோடு மாதத் தவணை மூவாயிரத்துக்கு மேல் போகும். அதாவது கடன் வாங்கியதால் உழைப்பு இரட்டிப்பாகி, வருமானம் குறைகிறது.

யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் வேறு வழிகள் கண்ணில் படும். விலையை 280 ஆக்கினால், கமிஷன் 56 ரூபாயாக உயர்ந்தாலும் கிலோவுக்கு 35 ரூபாய் நிற்கும். விலை ஏற்றினால் கடைக்காரர் வாங்க மாட்டார் என்று பயமா? பழைய விலையிலேயே பாதிச் சரக்கை மட்டும் கடைக்குப் போட்டு, மீதி ஐந்து கிலோவை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் நேரடியாக விற்றால் நாள் வருமானம் 110-லிருந்து 360 ஆகிவிடும். ஒரு பைசா கடன் தேவையில்லை. லாப நோக்கில்லாத தொழில் உதவி மையங்களின் வேலை பெரும்பாலும் இந்த மாதிரி உட்கார்ந்து கணக்குப் போடுவதில்தான் தொடங்குகிறது. அவற்றை மானியம் வாங்கித் தரும் கவுன்ட்டராக மட்டும் பார்ப்பவர்கள் அவற்றின் முக்கியமான உதவியைத் தவறவிடுகிறார்கள்.

இந்த மையங்களையும் அரசின் மாவட்டத் தொழில் மையத்தையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். மாவட்டத் தொழில் மையம் 1978-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் கீழ் வந்த அரசு அலுவலகம். அரசின் கடன், மானியத் திட்டங்களுக்கு விண்ணப்பம் அங்கேதான் போகும். நான் சொல்லும் மையங்கள் அறக்கட்டளையாகவோ, பதிவு பெற்ற சங்கமாகவோ, கம்பெனிகள் சட்டம் 8-ஆம் பிரிவின் கீழ் பதிவான நிறுவனமாகவோ இருக்கும். அவை கட்டணம் வாங்கலாம், ஆண்டு முடிவில் மிச்சம்கூட வைக்கலாம். ஆனால் அந்த மிச்சத்தை உறுப்பினர்களோ பங்குதாரர்களோ பிரித்துக்கொள்ள முடியாது. மீண்டும் அதே வேலைக்குத்தான் போக வேண்டும். கோவையில் 1969-லிருந்து இயங்கும் சிறுதொழில் சங்கமான கொடிசியா, திருச்சியில் 1986-ல் தொடங்கிய தொழில்முனைவோர் பூங்காவான ட்ரெக்-ஸ்டெப், சென்னையில் 2001-ல் உருவான, சமூகத் தொழில்களை வளர்க்கும் வில்க்ரோ எல்லாம் வெவ்வேறு வகையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

வழிகாட்டி முறை எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் நல்ல உதாரணம். பிரிட்டனில் அப்போது இளவரசராக இருந்த சார்லஸ், கடற்படையை விட்டு வந்தபோது கிடைத்த 7,400 பவுண்டை வைத்து 1976-ல் பிரின்ஸஸ் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். வேலையில்லாத இளைஞர்கள் தங்கள் காலில் நிற்க உதவுவது அதன் வேலை. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கடேசன் அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்து 1992-ல் பாரதிய யுவ சக்தி டிரஸ்ட்டைத் தொடங்கினார். ஜே.ஆர்.டி.டாட்டா அதன் முதல் தலைவர். சொத்தும் இல்லாமல், ஜாமீன் போட ஆளும் இல்லாமல், ஆனால் ஒரு தொழில் யோசனையோடு வரும் இளைஞர்கள்தான் அதன் இலக்கு.

அங்கே வருபவருக்குக் கடன் வாங்க உதவுவதோடு ஒரு வழிகாட்டியும் கிடைக்கிறார். அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்; தொழில் நடத்துபவராகவோ, வங்கியிலோ கம்பெனியிலோ பொறுப்பில் இருப்பவராகவோ இருப்பார். ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழில் தொடங்கிய பிறகும் தொடர்ந்து சந்தித்து, வரவு செலவைப் பார்த்து, எங்கே ஒழுகுகிறது என்று சொல்வார். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் மதிப்பாகத் தெரிவது அந்தத் தொடர்ச்சிதான். கடன் கிடைக்கும் நாளில் எல்லோரும் பக்கத்தில் இருப்பார்கள்; போட்டோ எடுப்பார்கள். பதினாலாவது மாதத்தில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகும்போதோ, தண்டல்காரரிடம் கை நீட்டிவிடலாமா என்று ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போதோ, போன் எடுத்துப் பேச ஓர் ஆள் இருப்பதுதான் தொழிலைக் காப்பாற்றுகிறது. பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஆள் சித்தப்பாவாகவோ அப்பாவின் நண்பராகவோ வீட்டிலேயே இருக்கிறார். முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருபவருக்கு அப்படி ஓர் உறவை ஏற்படுத்தித் தருவதை நான் பெரிய நீதியாகவே நினைக்கிறேன்.

வங்கி விஷயத்துக்கு வருவோம். சிறுதொழில் செய்பவரிடம் 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. அப்படிக் கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் தர 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து ஒரு நிதியத்தை ஏற்படுத்தின. கடன் திரும்பாமல் போனால் வங்கிக்கு இழப்பின் பெரும்பகுதி அங்கிருந்து வரும். இருந்தும் கிளையில் போய் உட்கார்ந்தவரிடம் "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்ற கேள்வி வருவது உண்டு. மேனேஜரையே குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் முன்னால் இருக்கும் விண்ணப்பத்தில் வரவு செலவு இல்லை, யாரிடம் விற்கப் போகிறார் என்ற விவரம் இல்லை, மெஷினுக்குக் கொட்டேஷன் இல்லை. மையம் செய்வது இந்த இடைவெளியை நிரப்புவது. புராஜெக்ட் ரிப்போர்ட்டை விண்ணப்பதாரரோடு சேர்ந்தே எழுதும். சேர்ந்தே என்பது முக்கியம். வெளியே ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு யாரோ எழுதித் தரும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைப் பற்றி வங்கியில் ஒரு கேள்வி கேட்டால் விண்ணப்பதாரருக்குப் பதில் தெரியாது. தானே உட்கார்ந்து போட்ட கணக்காக இருந்தால் தெரியும்.

தொழிலுக்கான பதிவுகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2020 ஜூலை முதல் சிறுதொழில்களுக்கு உத்யம் பதிவு நடைமுறையில் இருக்கிறது. அரசின் இணையதளத்தில் ஆதார், பான் எண்களை வைத்துப் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசு தளம் அல்ல.

மையங்களின் அடுத்த வேலை, தனியாக ஒருவரால் வாங்க முடியாத கருவியைப் பலர் சேர்ந்து பயன்படுத்த வழி செய்வது. கோவையில் சிறிய பட்டறையில் பம்பு செய்பவர் தன் சரக்குக்குத் தரச்சான்று வாங்க வேண்டுமென்றால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கூடம் சொந்தமாகக் கட்டப் பெரிய கம்பெனியால்தான் முடியும். சிடார்க் என்ற பொதுப் பரிசோதனைக்கூடத்தில் அவர் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். இதனால் பெரிய கம்பெனியின் பம்போடு சிறுபட்டறையின் பம்பும் அதே அளவுகோலில் நிற்கிறது. கோவையில் பம்புத் தொழில் நாலைந்து முதலாளிகளோடு முடங்காமல் பரவி நிற்பதற்கு இந்த மாதிரிப் பொது வசதிகளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இதே யோசனை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் சமையலறையாக இருக்கிறது. 2005-ல் தொடங்கிய லா கொசினா என்ற லாப நோக்கில்லாத அமைப்பு, புலம்பெயர்ந்து வந்த, வருமானம் குறைந்த பெண்களுக்கு அனுமதி பெற்ற பொதுச் சமையலறையைக் குறைந்த வாடகைக்குத் தருகிறது. அந்த ஊரில் வீட்டு அடுப்பில் சமைத்து ஊருக்கு விற்பதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். சொந்தமாக அப்படி ஒரு சமையலறை கட்டும் செலவு அவர்களுக்கு எட்டாதது. அங்கே சமைத்துப் பழகிப் பின்னர் சொந்த உணவகம் வைத்தவர்கள் பலர். அதே அமைப்பு 2021-ல் ஒரு பழைய தபால் நிலையக் கட்டடத்தில் பெரிய உணவுச் சந்தை ஒன்றைத் திறந்தது. கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வருவோர் குறைந்து போனதால் 2023-ல் அதைப் பொதுமக்களுக்கு மூட வேண்டி வந்தது. மையம் நல்ல எண்ணத்தோடு நடந்தாலும் வாடிக்கையாளரை உண்டாக்கித் தர முடியாது என்பதற்கு அது சாட்சி. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு உதவி கேட்பது நல்லது.

சிறுதொழில்களைப் பலமாக நசுக்குவது எது என்று கேட்டால் நான் வராத பேமென்ட் என்பேன். லேத் பட்டறைக்காரர் சரக்கை முடித்துக் கொடுத்துவிட்டார், பில் போட்டுவிட்டார், நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. கூலியும் கரண்டு பில்லும் காத்திருக்காது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. பதிவு செய்த குறு, சிறு தொழில்கள் மாநிலத்தில் இருக்கும் சமரச மன்றத்தில் புகார் செய்யலாம். இந்தப் பாதுகாப்பு பொருள் செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குப் பொருந்தாது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்திருக்கிறது: குறித்த நாளுக்குள் பணம் கொடுக்காத நிறுவனம், உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது.

சட்டம் இவ்வளவு இருந்தும் பட்டறைக்காரர் புகார் கொடுக்கத் தயங்குகிறார். கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. அவருடைய பயம் நியாயமானது. இருப்பதே இரண்டு வாடிக்கையாளர் என்றால் ஒருவரைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது? இங்கேதான் சங்கமோ மையமோ கைகொடுக்க வேண்டும். தனி ஆள் பெயர் வராமல், பல உறுப்பினர்களின் நிலுவையைத் திரட்டி ஒரு கடிதமாக அனுப்பலாம், நேரில் போய்ப் பேசலாம். ட்ரெட்ஸ் என்ற மின்னணுத் தளத்தில் சேர வழிகாட்டலாம். அங்கே பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை வைத்து வங்கிகள் ஏலம் கேட்டு உடனே பணம் தரும். கம்பெனி பிறகு வங்கிக்குக் கட்டும். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் அதில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு அறிவித்தது. சிறுதொழில் செய்பவர்களில் பலர் இந்தத் தளத்தின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. இதை ஊர் ஊராகச் சொல்வதே இன்று ஒரு மையம் செய்யக்கூடிய பெரிய தொண்டு.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? உறுப்பினர் சந்தா, சோதனைக் கட்டணம், அரசு நிதி, நன்கொடை, பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வாழ்வாதாரத்தை உயர்த்துவதும் அதில் அடங்கும். நிதி கொடுப்பவர்கள் ஆண்டு முடிவில் எண் கேட்கிறார்கள்: எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்குக் கடன். மண்டபத்தில் இருநூறு பேரை உட்கார வைத்து ஒரு நாள் பயிற்சி நடத்தினால் அந்த எண் சுலபமாக வந்துவிடும். ஓர் ஆளோடு இரண்டு வருடம் நடந்தால் எண் ஒன்றுதான். நிதி கொடுப்பவர்கள் இந்தக் கேள்வியை மாற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மூன்று வருடத்துக்குப் பிறகும் எத்தனை தொழில் உயிரோடு இருக்கிறது, எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று கேட்டால் மையங்களின் வேலையும் அதற்கேற்ப மாறும்.

உதவி தேடிப் போகிறவரும் அதையே கேட்கலாம். கடன் வாங்கிய பிறகு என்னோடு யார் பேசுவார், மாதம் எத்தனை முறை, அவர் இந்தத் தொழிலைச் செய்தவரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கடன் கண்டிப்பாக வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று சொல்பவர் இடைத்தரகர். அங்கே நிற்க வேண்டாம். போகும்போது மூன்று மாத வங்கிப் பாஸ்புக், வாங்கிய பில்கள், விற்ற கணக்கு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கணக்கே எழுதும் பழக்கம் இல்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இன்று வாங்கியதையும் விற்றதையும் எழுதத் தொடங்குங்கள். ஒரு மாதம் எழுதிய நோட்டு இருந்தாலே வழிகாட்டி வேலையைத் தொடங்கிவிடுவார்.